'ஹீட்டட் டென்ட்' புக் பண்ணப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்

டிசம்பர் கடைசி வாரம். ஆபீஸில் லீவு அப்ரூவ் ஆகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் கேதார்கந்தா மலையேற்றத்துக்கான விளம்பரம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பனிக்கு நடுவே ஆரஞ்சு நிறக் கூடாரம், உள்ளே மஞ்சள் வெளிச்சம், மேலே வானம் முழுக்க நட்சத்திரம். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'ஹீட்டட் டென்ட் வசதி உண்டு, கூடுதல் கட்டணம்'. சென்னையில் 22 டிகிரிக்கே ஸ்வெட்டர் தேடும் நமக்கு அந்த வரியைப் படித்ததும் ஒரு நிம்மதி. "அதையே போட்டுடுங்க ப்ரோ" என்று நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்திவிடுகிறார்கள்.

போடுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் கூடாரத்தை எதை வைத்துச் சூடாக்கப் போகிறீர்கள்? உங்கள் பயணம் சொகுசா, சுமாரா, உயிருக்கே ஆபத்தா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

ஒரே பெயர், வேறு வேறு சரக்கு

இமயமலைப் பக்கம் 'ஹீட்டட் டென்ட்' என்ற பெயரில் மூன்று விதமான பொருட்கள் விற்பனையாகின்றன. முதலாவது, வண்டி போகும் இடத்தில் நிரந்தரமாக நிற்கும் பெரிய கேன்வாஸ் கூடாரம். கட்டில், மெத்தை, மின்சாரப் போர்வை எல்லாம் இருக்கும். இது கூடாரத் துணி போர்த்திய ஹோட்டல் அறை. கரண்ட் இருக்கும்வரை பிரச்சினை இல்லை.

இரண்டாவது, மலையேற்ற முகாமில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் பொதுக் கூடாரம். அதன் நடுவில் கேஸ் ஹீட்டர் ஒன்று எரியும். சாப்பாடு முடிந்ததும் அணைத்துவிடுவார்கள். ஆள் நடமாட்டம் இருக்கும், கதவுத் துணி திறந்து மூடிக்கொண்டே இருக்கும், எல்லோரும் விழித்திருப்பார்கள்.

மூன்றாவதுதான் சிக்கல். இரண்டு மூன்று பேர் படுக்கும் சின்ன நைலான் கூடாரத்துக்குள், தூங்கும்போது, ஒரு கேஸ் ஹீட்டரையோ கரிச்சட்டியையோ வைத்துத் தருவது. மலையேற்ற வழிகாட்டிகளில் விவரம் தெரிந்தவர்கள் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கேட்கிற வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டே இருந்தால், 'சரி சார்' சொல்லும் ஆட்களும் எல்லா ஊரிலும் உண்டு.

2020 ஜனவரியில் என்ன நடந்தது?

கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போன 15 பேர் கொண்ட குழு, காத்மாண்டுவிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள தாமன் என்ற மலையூரில் தங்கியது. ஜனவரி 20 இரவு. குளிர் தாங்காமல் எட்டுப் பேர் ஒரே அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் உள்பக்கமாகத் தாழிட்டிருந்தன. மறுநாள் காலையில் எட்டுப் பேரும் மயங்கிக் கிடந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் நான்கு பேர் குழந்தைகள்.

தாமன் எவரெஸ்ட் முகாம் அல்ல. உயரம் சுமார் 2,300 மீட்டர்தான், கிட்டத்தட்ட நம் ஊட்டி அளவு. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் பக்கம் அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். இத்தனைக்கும் இரண்டு இடத்திலும் இருந்தது சுவர் வைத்த அறை. கூடாரத்தின் கொள்ளளவு அதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

"கூடாரம்தானே, துணிதானே, காத்து வரும்ல?" என்று கேட்கலாம். வராது. மழையும் பனியும் உள்ளே வரக்கூடாது என்பதற்காகவே மேல்துணிக்கு ரசாயனப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அதன்மேல் இரவில் பனி விழுந்து படிகிறது. ஓரங்களைப் பனி மூடுகிறது. உள்ளே நீங்கள் விடும் மூச்சின் ஈரம் துணியில் உறைந்து, மிச்சமிருந்த நுண்துளைகளையும் அடைக்கிறது. குளிருதே என்று காற்றுத் துவாரத்தின் ஜிப்பையும் நீங்களே இழுத்து மூடிவிடுகிறீர்கள். அவ்வளவுதான், டப்பா தயார்.

புகை இல்லாததுதான் ஆபத்து

கேஸோ, மண்ணெண்ணெயோ, கரியோ, விறகோ, போதுமான ஆக்சிஜன் கிடைக்காமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான ஈர்ப்போடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பேருந்தில் எல்லா இருக்கையிலும் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டால் பயணி எங்கே உட்காருவது? ரத்தத்தில் நடப்பது அதுதான். மூச்சு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், ஆக்சிஜன் மட்டும் மூளைக்குப் போகாது.

கரி நெருப்பைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது: புகை அடங்கி, கனல் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தால் உள்ளே எடுத்துவரலாம் என்று. உண்மை இதற்கு நேரெதிர். புகையும் கட்டத்தில் கண் எரிந்து நாமே எழுந்து ஓடிவிடுவோம். தணல் கட்டத்தில்தான் கார்பன் மோனாக்சைடு ஓயாமல் வெளியேறும், நம்மை எழுப்ப எதுவும் இருக்காது. வட இந்தியாவில் அங்கீட்டி என்று சொல்லும் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் பற்றிய செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருவது இதனால்தான்.

இன்னொரு தவறான நம்பிக்கை, இந்த வாயு கீழே தங்கும் அல்லது மேலே போய்விடும் என்பது. இதன் அடர்த்தி கிட்டத்தட்டக் காற்றின் அடர்த்திதான். எனவே கூடாரம் முழுக்கச் சமமாகக் கலக்கும். எந்த மூலையில் தலை வைத்துப் படுத்தாலும் ஒன்றுதான்.

ஹீட்டர் மட்டும் என்றில்லை. கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைத்துப் பனியை உருக்குவதும் இதே கதைதான். ஐஸ் போன்ற பாத்திரத்தின் அடிப்பகுதி தீயைத் தொடும்போது தீ பாதியில் குளிர்ந்துபோகிறது, எரிதல் முழுமையடைவதில்லை. நீலத் தீ மஞ்சளாக மாறினால் விஷயம் மோசம் என்று அர்த்தம். நீலமாகவே இருந்தாலும் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது.

மலை நோயா, வாயுவா?

மலையேற்றத்துக்குப் போகிறவர்கள் நின்று படிக்கவேண்டிய பகுதி இது.

கேதார்கந்தாவின் உச்சி சுமார் 3,800 மீட்டர். நடை தொடங்கும் சாங்க்ரி கிராமம் 2,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்கு உயர மலை நோய் வரலாம் என்பது எல்லோருக்கும் முதல் நாளே சொல்லப்படும். அறிகுறிகள் என்னென்ன? தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி. சரி, கார்பன் மோனாக்சைடு நச்சின் ஆரம்ப அறிகுறிகள்? தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி.

நள்ளிரவில் உங்கள் நண்பர் எழுந்து "தலை வெடிக்குதுடா" என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? மலை நோய்தான் என்று நினைத்து டயமாக்ஸ் மாத்திரை கொடுப்பீர்கள், தண்ணீர் குடிக்கச் சொல்வீர்கள், 'பாவம், குளிரும்' என்று ஹீட்டரை அவர் பக்கம் தள்ளிவைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் படுப்பீர்கள். அக்கறையோடு செய்கிற ஒவ்வொன்றும் அவரைக் கொல்லும் பக்கமாகவே போகிறது.

வழிகாட்டி வந்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்ப்பார். கோவிட் காலத்தில் நம் எல்லோர் வீட்டிலும் இருந்த அதே கருவி. அது இரண்டு விதமான ஒளியை விரல் வழியே செலுத்தி, ரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும், கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் அந்த ஒளிக்குக் கிட்டத்தட்ட ஒரே சிவப்பாகத்தான் தெரியும். அதனால் நச்சேறிய ஆளுக்கும் அது நல்ல எண்ணையே காட்டும். "சாச்சுரேஷன் சூப்பரா இருக்கு, தூங்குங்க சார்" என்பார் வழிகாட்டி. அவர் மேல் தப்பில்லை. அந்தக் கருவியால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

உயரம் இந்த ஆபத்தைப் பெருக்குகிறது. 3,400 மீட்டர் முகாமில் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். ஏற்கெனவே குறைவான அந்த ஆக்சிஜனில் ஹீட்டர் பங்கு கேட்கிறது, எரிவதும் மோசமாக எரிகிறது. மிஸ்டர் ஹீட்டர் பட்டி என்ற பிரபல அமெரிக்க கேஸ் ஹீட்டரில், ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் சென்சார் உண்டு. 7,000 அடிக்கு மேல் அது அணைந்துவிடலாம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். 7,000 அடி என்பது 2,134 மீட்டர். கேதார்கந்தா நடையின் முதல் முகாமே அதைவிட உயரம்.

சந்தேகம் எப்போது வரவேண்டும்? கூடாரத்தில் ஏதோ எரிகிறது, அல்லது கொஞ்சம் முன்பு எரிந்தது. ஒரே கூடாரத்தில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி. வெளியே போனால் தெளிகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது. இதில் ஒன்று இருந்தாலும் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரையும் வெளியே இழுங்கள், தூங்குகிறவர் உட்பட. "அவன் நல்லா தூங்குறான், விடு" என்று சொல்லவே சொல்லாதீர்கள். எரிவதை அணையுங்கள், முகாமில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் முகமூடி வைத்துக் கொடுங்கள், கீழே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வெறும் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்திலுள்ள வாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

அங்கே வாழ்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்?

லடாக், ஸ்பிதி, காஷ்மீர் வீடுகளில் புகாரி என்ற இரும்பு அடுப்பு இருக்கும். அதன் உயிர் அடுப்பில் இல்லை, கூரையைத் துளைத்துப் போகும் குழாயில் இருக்கிறது. எரியும் வாயு முழுவதும் அந்தக் குழாய் வழியே வெளியேறும், அறைக்குள் வருவது சூடு மட்டும். குழாய் அடைத்தாலோ, எதிர்க்காற்று உள்ளே தள்ளினாலோ, தீ தணிந்து இழுவை குறைந்தாலோ புகாரியும் ஆளைக் கொல்லும். எல்லைப் பனியில் நிற்கும் ராணுவத்தினருக்கும் இது பெரிய தலைவலியாக இருந்தது. டிஆர்டிஓவின் கீழுள்ள உடலியங்கியல் ஆய்வகம் 2021-ல் 'ஹிம் தாபக்' என்ற புதிய மண்ணெண்ணெய் ஹீட்டரை முன்வைத்தபோது, தீ பின்னடிப்பாலும் கார்பன் மோனாக்சைடாலும் வீரர்கள் சாவதைத் தடுக்கும் என்பதைத்தான் முக்கியமாகச் சொன்னது.

கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் 'ஹாட் டென்ட்' என்பது பழைய வழக்கம். விறகடுப்பும் புகைக்குழாயும் பொருத்திய கூடாரம் அது. குழாய் வெளியேறும் இடத்தில் தீப்பிடிக்காத துணி தைத்திருக்கும். அங்கேகூட அடுப்பை எரியவிட்டு எல்லோரும் தூங்குவதில்லை. ஃபின்லாந்து ராணுவக் கூடாரத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் அடுப்புக்குக் காவல் இருப்பார்கள். அந்த வேலைக்கே தனிப்பெயர் இருக்கிறது, கிபினாமிக்கோ என்று. யூடியூபில் இந்த ஹாட் டென்ட் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஆட்களுக்கு ஆசை வருகிறது. ஆனால் அவை விறகு கொட்டிக்கிடக்கும் காடுகளில் எடுத்தவை. கேதார்கந்தா கோவிந்த் தேசியப் பூங்காப் பகுதிக்குள் வருகிறது, அங்கே நம் இஷ்டத்துக்கு விறகு வெட்ட முடியாது. மரக்கோட்டுக்கு மேலே போய்விட்டால் வெட்ட மரமும் கிடையாது.

எதையும் எரிக்காமலே கூடாரத்தைச் சூடாக்க முடியாதா? முடியும் என்று லடாக்கின் சோனம் வாங்சுக் 2021 பிப்ரவரியில் காட்டினார். ராணுவத்துக்காக அவர் வடிவமைத்த சூரியக் கூடாரத்தில், தெற்கு பார்த்த பகுதி பகலில் வெயிலைப் பிடிக்கும். இடைச்சுவர் அந்தச் சூட்டைச் சேமித்து இரவில் உறங்கும் பகுதிக்குக் கொடுக்கும். வெளியே மைனஸ் 14 வரை இறங்கும் இடத்தில், இரவு 10 மணிக்கு உள்ளே 15 டிகிரி இருந்ததாக அவர் படம் போட்டுக் காட்டினார். சுமார் 10 பேர் தங்கலாம். ஒவ்வொரு பாகமும் 30 கிலோவுக்குக் குறைவு. ராணுவத்துக்கு அது சாதனை. முதுகுப் பையில் தூக்கிப்போகிற உங்களுக்கும் எனக்கும் அது ஆகிற கதையில்லை.

பவர் பேங்க் வைத்து ஹீட்டர் ஓட்டலாமா?

கேட்பீர்கள் என்று தெரியும். கணக்கைப் பார்ப்போம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இருப்பது சுமார் 74 வாட்-மணி மின்சாரம். 1,000 வாட் ஹீட்டரை அது ஐந்து நிமிடம்கூட ஓட்டாது. லித்தியம் பேட்டரி குளிரில் இன்னும் சுருங்கும். கடைகளில் கிடைக்கும் பியூட்டேன் கேன் ஹீட்டரும் இதே மாதிரிதான் கைவிடும். பியூட்டேன் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. அதற்குக் கீழே போனால் கேனுக்குள் திரவமாகவே கிடக்கும், வாயுவாக வெளியே வராது. அதாவது உங்களுக்குக் குளிரும்போது அதற்கும் குளிரும். விமானத்தில் கேஸ் கேனைக் கையிலும் கொண்டுபோக முடியாது, லக்கேஜிலும் போட முடியாது என்பது வேறு.

எல்லாம் கைகூடி எரிந்தாலும் லாபம் குறைவு. கூடாரத் துணி சூட்டைப் பிடித்து வைக்காது. ஹீட்டரை அணைத்த சில நிமிடங்களில் உள்ளும் புறமும் ஒன்றாகிவிடும். போதாக்குறைக்கு, 230 கிராம் கேஸ் எரிந்து தீரும்போது சுமார் 350 மில்லி தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. அது போய்ப் படிவது உங்கள் ஸ்லீப்பிங் பேக்கின் மேல். இறகு நிரப்பிய பை நனைந்தால் அது வெறும் ஈரத்துணி.

அப்போ குளிரை எப்படித்தான் தாங்குவது?

சும்மா படுத்திருக்கும் மனித உடலே சுமார் 80 வாட் சூட்டை வெளியிடுகிறது. விடிய விடிய ஓடும், புகைக்காத ஹீட்டர். கூடாரத்தைச் சூடாக்கும் யோசனையை விட்டுவிட்டு, இந்த 80 வாட்டைச் சிந்தாமல் பிடித்து வைப்பதுதான் வேலை.

முதலில் ஸ்லீப்பிங் பேக். அதன் லேபிளில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். விளம்பரத்தில் பெரிதாக 'மைனஸ் 15' என்று போட்டிருப்பது கடைசி எண்ணாகவும் இருக்கலாம். அது தூங்குவதற்கான எண்ணே இல்லை, செத்துப்போகாமல் சில மணி நேரம் தாக்குப்பிடிப்பதற்கானது. நம் ஊர் உடம்புக்கு கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள்.

அடுத்தது, எல்லோரும் கோட்டைவிடும் விஷயம்: அடியில் விரிக்கும் மேட். உடல் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால், பனித்தரை உங்கள் சூட்டை நேராக உறிஞ்சும். மேட்டின் தடுப்புத் திறனை ஆர் வேல்யூ என்பார்கள். பனிக்கு 5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ தேவை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டால் இரண்டின் எண்ணும் கூடும். ஏற்பாட்டாளர் தரும் ஒற்றை ஃபோம் மேட் போதாது. கூடுதலாக ஒன்று கேளுங்கள், வாடகை ஒன்றும் சொத்தை விற்கிற அளவுக்கு இருக்காது.

பிறகு நான் சிபாரிசு செய்யும் உண்மையான ஹீட்டர்: வெந்நீர் பாட்டில். ஒரு லிட்டர் தண்ணீர் 80 டிகிரியிலிருந்து உடல் சூட்டளவுக்கு ஆறும்போது 50 வாட்-மணிக்கு மேல் சூடு கொடுக்கிறது. அந்தப் பெரிய பவர் பேங்கில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. ஒழுகாத, ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, கம்பளி சாக்ஸுக்குள் போட்டு, தொடைகளுக்கு நடுவே வையுங்கள். ஃபிளாஸ்க் வேண்டாம், அது சூட்டை உங்களுக்குக் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்ளும். காலையில் அதே தண்ணீரைக் குடித்துக்கொள்ளலாம்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். நடந்த துணியோடு படுக்காதீர்கள், வியர்வை ஈரம் உறையும். படுக்கும் முன் ஏதாவது கொழுப்புள்ளதாகச் சாப்பிடுங்கள். சிறுநீர் வந்தால் சோம்பல்படாமல் எழுந்து போங்கள். தலையைப் பைக்குள் இழுத்து மூச்சு விடாதீர்கள். காற்றுத் துவாரத்தை இரண்டு விரல் அளவாவது திறந்து வையுங்கள். "ஒரு பெக் போட்டா சூடா இருக்கும்" என்பவரை நம்பாதீர்கள். ரத்தம் தோலுக்கு வந்து சூடு போலத் தெரியும், உள்ளிருக்கும் சூடு வெளியே போய்விடும்.

புக் பண்ணும்போது

சூடு எதிலிருந்து வருகிறது, மின்சாரமா, கேஸா, கரியா என்று கேளுங்கள். எரிவது என்றால் புகைக்குழாய் கூடாரத்துக்கு வெளியே போகிறதா? தூங்கப் போகும் முன் யார் அணைப்பார்கள்? ஆக்சிஜன் சிலிண்டர் எந்த முகாமில் இருக்கும்? கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிப் போகலாம். பல வீட்டு அலாரங்கள் பூஜ்ஜியத்துக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, பெட்டியில் அச்சிட்ட வெப்பநிலையைப் பார்த்து வாங்குங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. அலாரம் இருக்கிறது என்பதற்காக ஹீட்டரை எரியவிட்டுத் தூங்குவதும் கூடாது.

"ஒண்ணும் ஆகாது சார், பத்து வருஷமா இப்படித்தான் பண்றோம், கொஞ்சமா ஜிப்பைத் திறந்து வெச்சுக்கிட்டா போதும்" என்று பதில் வந்தால், அந்தக் கூடுதல் கட்டணத்துக்கு இன்னொரு மேட்டும் ஒரு ஸ்டீல் பாட்டிலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹீட்டர் அவர்கள் சாப்பாட்டுக் கூடாரத்திலேயே இருக்கட்டும்.